கைக்குட்டை அளவு இதயம்

என் நாத்தனாரை எங்கள் குடியிருப்பில் எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இதய டாக்டர் என்றும் ஒரு பேச்சு உண்டு. இரண்டில் முதலாவது உண்மை, பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் இருக்கிறது. இரண்டாவது சுத்தப் பொய். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற பிறவி அவள். ஒருநாள் வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டு, பஞ்சு எடுத்து வா என்று அவளைக் கூப்பிட்டேன். வந்தாள், பார்த்தாள், அப்படியே சமையலறை வாசலில் சரிந்தாள். வெட்டுப்பட்ட விரலோடு நான்தான் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தேன்.

ஆனாலும் அவள் பிழைப்பு இதயத்தோடுதான். பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். கூடம் என்றதும் கண்ணாடிக் குழாய், தவளை என்று கற்பனை செய்ய வேண்டாம். மேசை, நாற்காலி, யாரும் தண்ணீர் ஊற்றாத ஒரு செடி, கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்குள் இதயம். அதுவும் முழுசாக இல்லை, இதயத் தசையில் கைக்குட்டை அளவுக்கு ஒரு சதுரத் துண்டு. அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கணக்கை எழுதி, ஓரத்தில் துளி மின்சாரம் கொடுத்தால் அது எப்படித் துடிக்கும் என்று பார்ப்பாள். ஒரு விநாடித் துடிப்பைக் கணக்குப் போட அந்த இயந்திரம் சில சமயம் பகலெல்லாம் உறுமும். அது உறுமுகிற வரைக்கும் இவள் எதிரில் உட்கார்ந்து நகம் கடிப்பாள். இதற்குப் பெயர் ஆராய்ச்சி. இதையே நான் செய்தால் வேலைவெட்டி இல்லாதவள் என்பார்கள்.

முதலில் அவள் காட்டுத்தீயைப் பற்றித்தான் படித்தாள். ஒரு மரம் பற்றினால் பக்கத்து மரம் பற்றும், எரிந்து போன இடத்தில் மறுபடி புல் முளைக்கும்வரை அங்கே தீ வராது. இதே கணக்குதான் இதயத்திலும் ஓடுகிறது என்று அவளுடைய பேராசிரியர் ஒருநாள் சொன்னாராம். ஒரு செல் துடித்தால் பக்கத்துச் செல்லும் துடிக்கும், துடித்து முடித்தது கொஞ்சம் ஓய்வெடுக்காமல் திரும்பத் துடிக்காது. அவ்வளவுதான், காட்டைக் காலி செய்துவிட்டு இதயத்துக்குக் குடிபோய்விட்டாள். வீட்டில் இந்த மாற்றத்தை யாரும் கவனிக்கவில்லை. என் வீட்டுக்காரர் வெகுநாள் வரைக்கும் தங்கச்சி தீயணைப்புத் துறையில் ஏதோ செய்வதாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேல் வீட்டுக்காரர் ஒருமுறை தன் இ.சி.ஜி. தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். நெஞ்சில் ஏதோ குத்துகிறதாம். நாத்தனார் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க மனுஷன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில், "அலை ரொம்ப அழகா வந்திருக்குங்க. எந்த மெஷின்ல எடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"அது தெரியலீங்களே. நெஞ்சுவலிக்கு என்ன பண்றது?"

"அதப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. டாக்டரப் பாருங்க."

அவரும் போய்ப் பார்த்தார். வாயுத்தொல்லை. ஆனால் குடியிருப்பு முழுக்க என்ன சொல்லித் திரிந்தார் என்றால், டாக்டரம்மா தாளைக் கையில் வாங்கின உடனேயே ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்துவிட்டாராம். இப்படித்தான் அவள் இதய டாக்டர் ஆனாள்.

அவளுக்கு இந்த வீட்டில் இன்னொரு பெயர், பாப்பா. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறாள், காதோரம் நரைத்துவிட்டது, இன்னும் பாப்பா. அந்தப் பெயரை வைத்தவர் என் மாமனார். மாமியார் போய்ப் பல வருஷம் ஆகிறது. மாமனார், பாப்பா, என் வீட்டுக்காரர், நான், நாலு பேரும் ஒரே வீட்டில்.

மாமனார் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே தரையெல்லாம் எந்நேரமும் ஈரம், கொதிகலன் பக்கம் ஆவி, சுவரில் வழுவழுவென்று பூச்சு. அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் ஓர் ஆளுக்குக்கூட ஷாக் அடிக்கவிடாமல் காப்பாற்றியவர் என்று அவருக்குப் பெருமை. அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: ஈரம் இருக்கிற இடத்துக்கு ஒயர் போகக்கூடாது. அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்கள் குளியலறையில் ஒரு சுவிட்சுகூடக் கிடையாது. வெந்நீர் ஹீட்டரும் வெளியேதான், அதன் சுவிட்ச் நடையைத் தாண்டி, செருப்பு அடுக்குக்கு மேலே இருக்கிறது. குளிக்கப் போகிறவர் உள்ளேயிருந்து கத்த வேண்டும், வெளியே இருக்கிறவர் ஓடிப்போய்ப் போட வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில், தலையில் நுரையோடு, "யாராவது ஹீட்டரப் போடுங்களேன்!" என்று நான் கத்தாத நாள் கிடையாது. இந்த வீட்டில் என் குரல் இப்படி ஆனதற்கு அவர்தான் காரணம், வேறு யாரும் இல்லை.

மகள் மின்சாரத்தில் ஏதோ செய்கிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அந்த வகையில் அவள் தன் தொழிலுக்கே வந்துவிட்டதாக அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒரு விடுமுறை நாளில் அவளைப் பிடித்து, "நீ பண்றத எங்களுக்கும்தான் காட்டேன்" என்றார். அவளும் ஆசை ஆசையாக மடிக்கணினியைக் கொண்டுவந்து டிவியோடு இணைத்தாள்.

இங்கேதான் வந்தது வினை. இவளைப் போன்றவர்கள் நன்றாகத் துடிக்கிற இதயத்தைப் படமாக எடுத்து வைப்பதே இல்லை. அலை ஓர் ஓரத்தில் கிளம்பி மறு ஓரத்தில் போய் முடியும், அதை எந்தக் கருத்தரங்கில் காட்டினாலும் கொட்டாவிதான் விடுவார்கள். எனவே அவள் சேர்த்து வைத்திருந்த படமெல்லாம் இதயம் கெட்டுப்போகிற படம். நீலமும் சிவப்புமாக ஓர் அலை அமைதியாகப் போகிறது. அதன் முதுகுப் பக்கம், சரியாகத் தப்பான நேரத்தில், இன்னொரு துளி மின்சாரம். உடனே அலை உடைந்து, வளைந்து, தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு சுழல ஆரம்பிக்கிறது. பிறகு ஒன்று பலவாகி, கைக்குட்டை முழுக்கக் கலவரம்.

"இப்ப என்னாச்சு?" என்று மாமனார் கேட்டார்.

"அவ்ளோதான்பா. ஆள் காலி!" என்றாள் பாப்பா, முகமெல்லாம் பூரிப்பு.

"எவ்ளோ கரண்ட் குடுத்த?"

"ரொம்ப ரொம்பக் கம்மிப்பா. கையில வச்சா தெரியக்கூடத் தெரியாது."

"அதுக்கே இந்தக் கதியா?"

"நேரம் தப்பா விழுந்தா இதே கதிதான். இருங்க, இதைவிட மோசமா ஒண்ணு இருக்கு, காட்டறேன்."

அன்றைக்குப் பூராவும் காட்டினாள். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு இதயம் நிற்கும்போதும் கைதட்டினார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர், எதைக் காட்டினாலும் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிப் பழக்கம். மாமனார் மட்டும் கைதட்டவில்லை. தொழில் தெரிந்த ஆள் விபத்து நடந்த இடத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, எனக்கு ஹீட்டர் போடப் போன மாமனார் செருப்பு அடுக்கின் மேலேயே விழுந்தார். நான் உள்ளே கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் தலையை அலசிக்கொண்டு கோபத்தோடு வெளியே வந்தால், மனுஷன் செருப்புகளுக்கு நடுவே கிடக்கிறார். கண் திறந்திருந்தது. "கால் தடுக்கிடுச்சும்மா" என்றார். தடுக்குகிற மாதிரி அங்கே எதுவும் இல்லை.

மருத்துவமனையில் இதய மருத்துவர், நிஜ இதய மருத்துவர், நிதானமாகச் சொன்னார். இதயத்தின் மேல் அறையில் கிளம்புகிற மின்துடிப்பு கீழ் அறைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. சில சமயம் சேர்கிறது, சில சமயம் வழியிலேயே நின்றுவிடுகிறது. அப்படி நிற்கும்போதுதான் மயக்கம். பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஒருநாள் நின்றது நின்றதாகவே இருந்துவிடக்கூடும்.

"லூஸ் கனெக்ஷன்" என்றார் மாமனார்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார் மருத்துவர்.

"அப்ப அதை டைட் பண்ணுங்க."

"அதை டைட் பண்ண முடியாதுங்க. தனியா ஒரு ஒயர் உள்ள விட்டு, கீழ் அறைக்கு நேரா துடிப்பு குடுப்போம்."

"எங்க விடுவீங்க?"

"ரத்தக்குழாய் வழியா இதயத்துக்குள்ள."

மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு பாப்பாவைப் பார்த்தார். இதயத்துக்குள் ஒயர். அதைவிட ஈரமான இடம் உடம்பில் எது? அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டே எர்த் எங்கே என்று கேட்டார், மருத்துவர் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு வெளியானது. "அந்த டாக்டருக்கு வேலை தெரியல. பழுதான கனெக்ஷன அப்படியே விட்டுட்டு புது லைன் இழுக்கறவன் எலக்ட்ரீஷியனே இல்ல. அதுவும் ஈரத்துல. எர்த் எங்கன்னு கேட்டா சிரிக்கறான்."

"மாமா, உலகம் பூரா வைக்கறாங்க" என்றேன்.

"உலகம் பூரா பாத்ரூம்லயும்தான் சுவிட்ச் வைக்கறாங்க."

என் வீட்டுக்காரர், "அப்பா சொல்றதுலயும் ஒரு பாயிண்ட் இருக்கு" என்றார். நான் முறைத்ததும், "இவ சொல்றதுலயும் இருக்கு" என்றார். கடைசியாகப் பேசினவர் பக்கம் சாய்வது அவர் சுபாவம், அவரை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் ஆகாது.

பாப்பா அழாத குறையாக, "அப்பா, டாக்டர் சொல்றதக் கேளுங்கப்பா" என்றாள்.

"நீ சொல்லு, கேக்கறேன்."

"நான் அந்த டாக்டர் இல்லப்பா."

"அவங்க எல்லாம் ஒயர் வைக்கத் தெரிஞ்சவங்க. வச்சா என்ன ஆகும்னு தெரிஞ்சவ நீதான். நான்தான் பாத்தேனே, துளி கரண்ட் தப்பா விழுந்து ஒவ்வொண்ணும் எப்படிச் சுத்திச் சுத்திச் செத்துச்சுன்னு. என் இதயத்துல வச்சா அப்படி ஆகாதுன்னு உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டு நீ ஒரு வார்த்தை சொல்லு. அப்புறம் நான் வாயத் திறக்கல."

பாப்பா சரி என்றாள். நான்தான் பக்கத்தில் இருந்தேன், அவள் காலை மிதித்தேன், அப்படியும் சரி என்றாள்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு புது மாதிரி வாழ்க்கை ஆரம்பித்தது. பாப்பா மருத்துவரிடம் கெஞ்சி அப்பாவின் ஸ்கேனையும் இ.சி.ஜி.யையும் வாங்கி வந்தாள். கைக்குட்டை போதாது, அப்பாவின் இதயமே வேண்டுமென்று, சுவரின் தடிமன், நார்கள் ஓடுகிற திசை, ஒயரின் முனை தொடப்போகிற இடம் எல்லாவற்றையும் கணக்கில் ஏற்றினாள். ஆராய்ச்சிக்கூடத்துப் பெரிய இயந்திரத்தில் ஒன்றும், அவள் அறையில் இருக்கிற இயந்திரத்தில் ஒன்றுமாக மாமனார் துடிக்க ஆரம்பித்தார். அசல் மாமனார் வீட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, "எதுவரைக்கும் வந்திருக்கேன்?" என்று அவ்வப்போது விசாரித்தார்.

நடுவில் பேஸ்மேக்கர் எப்படி வேலை செய்யும் என்று அவருக்கு விளக்கவும் முயற்சி நடந்தது.

"அது பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருக்காதுப்பா. கவனிச்சுக்கிட்டே இருக்கும். உங்க இதயம் தானா துடிச்சா வாயத் திறக்காது. துடிக்கலன்னா மட்டும் ஒரு தட்டு."

"தேவைப்பட்டாத்தான் பேசுமா?"

"ஆமாப்பா."

"இந்த வீட்ல அப்படி ஒண்ணு இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சாகக் கிடந்தாலும் இந்த மனுஷனுக்கு நக்கல் குறையாது.

நாள் ஓடியது. மருத்துவமனையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. மாமனார் இன்னொரு தடவை தள்ளாடி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்க ஆரம்பித்தது. பாப்பாவிடம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: இன்னும் முடியவில்லை. கட்டம் பெரிதாக இருக்கிறது, பொடிசாக்க வேண்டும். பொடிசாக்கினால் கணக்கு பல மடங்காகிறது. நாரின் திசையில் சந்தேகம், மறுபடி முதலிலிருந்து.

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். பல் பிடுங்க வருகிறவர்களில் பயமா இருக்கு என்று வாய்விட்டுச் சொல்கிறவர்கள் அபூர்வம். வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பார்கள். வெளியே போய் நிறுத்திவிட்டு வந்து, இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு வரட்டுமா என்பார்கள். பாப்பா கட்டத்தைப் பொடிசாக்கிக்கொண்டே போவதைப் பார்த்ததும் எனக்கு அந்த ஆட்கள் ஞாபகம்தான் வந்தது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"இது எப்பத்தான் முடியும்?"

"அண்ணி, இப்பவே நிறுத்தினா விடை தப்பா வரும்."

"நீ நிறுத்தாட்டி உங்கப்பா நின்னுடுவாரு. உனக்கு நிஜமாவே கணக்குதான் பிரச்சினையா?"

திரையிலிருந்து திரும்பினாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினாள். "கம்ப்யூட்டர்ல எத்தனை இதயத்த நிறுத்தியிருக்கேன் அண்ணி. ஒவ்வொரு தடவையும் கரண்ட் குடுத்தது நான்தான். இப்ப அப்பாவுக்குக் குடுங்கன்னு நானே எப்படிச் சொல்றது? சொல்லி ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளைத் திட்டத்தான் போனேன், தலையைத் தடவிவிட்டு வந்தேன். ஆனால் தடவிக் கொடுத்து என்ன பிரயோஜனம், அவர் இவள் வார்த்தைக்குக் காத்திருக்கிறார், இவள் இயந்திரத்துக்குக் காத்திருக்கிறாள், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு உயிர் ஊசலாடுகிறது. என் வீட்டுக்காரரிடம் போய்ப் புலம்பினேன். "நீ சொல்றது சரிதான்" என்றார்.

அது நடந்தது ஒரு மத்தியானம். நாலு பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். மாமனார் எர்த் விஷயத்தை மறுபடி எடுத்தார். ஒயரின் ஒரு முனை உள்ளே, பேஸ்மேக்கர் பெட்டி தோளுக்குக் கீழே, கரண்ட் திரும்பி வருகிற வழி எது என்று கேட்டு, விரலால் மேசைமேல் தண்ணீரைத் தொட்டுப் படம் போட்டுக்கொண்டிருந்தார். பாப்பா ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் விரல் நின்றது. உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தார். என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டதால் தலை தரையில் மோதவில்லை.

கீழே படுக்கவைத்தோம். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டே பார்க்கிறேன், பாப்பா அவர் பக்கத்தில் மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். ஒரு மனுஷனின் நாடியை அவள் பிடித்து நான் பார்த்ததே இல்லை. "ஒண்ணு" என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவள் உதடு மட்டும் பிரிந்து அப்படியே இருந்தது. அடுத்த துடிப்புக்குக் காத்திருக்கிறாள். மறுமுனையில் விலாசம் கேட்கிறார்கள், எனக்கு எங்கள் தெருப்பெயர் மறந்துவிட்டது. "வாப்பா" என்றாள் அவள், மணிக்கட்டைப் பார்த்து. "வா. வா. வந்துடு." திரையில் நின்ற இதயத்தையெல்லாம் ஒரு பொத்தானைத் தட்டித் திரும்ப ஓடவிட்டவள் அவள். இங்கே தட்டுவதற்கு எதுவும் இல்லை. அந்த நிமிஷம் நான் அவளுக்காகவும் பயந்தேன்.

"வந்துடுச்சு" என்று கத்தினாள். "அண்ணி, வந்துடுச்சு. அடுத்ததும் வந்துடுச்சு."

மாமனார் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் எங்கள் முகங்களைப் பார்த்தார். "என்ன, எல்லாரும் எந்திரிச்சுட்டீங்க? கணக்கு முடிஞ்சுதா?" என்றார்.

"முடியலப்பா." மணிக்கட்டை அவள் விடவில்லை. "முடியல. ஆனாலும் வச்சுக்கலாம்."

"ஒண்ணும் ஆகாதுன்னு உறுதியாத் தெரியுமா?"

என் வீட்டுக்காரர், "தெரியும்னு சொல்லேன்" என்று அவள் காதருகே கிசுகிசுத்தார். நானும் அதையேதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பொய், சின்னப் பொய், சொல்லித் தொலையேன்.

"தெரியாதுப்பா" என்றாள் அந்தப் பைத்தியம். "என் கணக்குல இருக்கறது நீங்க இல்ல. உங்க இதயத்தப் பத்தி அந்த டாக்டருக்குத் தெரிஞ்ச அளவுகூட எனக்குத் தெரியாது. எனக்கு பயமா இருக்கு. கை நடுங்குது, பாருங்க. ஆனாலும் வச்சுக்கலாம்பா. வச்சே ஆகணும்."

மாமனார் அந்தக் கையைப் பார்த்தார். நிஜமாகவே நடுங்கியது, அவர் கையையும் சேர்த்து ஆட்டியது.

"ஃபேக்டரில புதுசா ஒருத்தன் வேலைக்கு வந்தான்னா," என்றார் படுத்தபடியே, "கரண்ட்னா எனக்கு பயமே இல்ல சார்னு சொல்றவன லைன் பக்கமே விடமாட்டேன். கை நடுங்கறவன்கிட்டதான் ஒயரக் குடுப்பேன். இத முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? இத்தன நாளா கட்டம், கட்டம்னு உயிர வாங்கின."

"அப்ப சரியா?"

"சரின்னுதானே சொல்றேன். வண்டி வருதா, பாரு."

அன்றைக்கே வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, ஆளை விழிப்பாகவே வைத்துக்கொண்டு செய்கிற வேலை அது. வெளியே பாப்பா நாற்காலியில் உட்காராமல், நான் அவள் கையை விடாமல், இரண்டு பேரும் நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தோம். கதவு திறந்து ஒரு நர்ஸ் வந்தாள்.

"உள்ள இருக்கறவர் யாருங்க, இன்ஸ்பெக்டரா?" என்றாள். "ஒயர் மேல உறை எவ்ளோ தடிமன்னு கேக்கறாரு. எடுத்துக் காட்டினாத்தான் விடுவாராம். டாக்டர் காட்டிக்கிட்டிருக்காரு."

பாப்பா சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நர்ஸின் கையுறையில் பொட்டு ரத்தம் இருந்தது. அதைப் பார்த்தாள். மயக்கமெல்லாம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு மாமனாருக்கு மருத்துவர் போட்ட ஒரே கட்டளை, கொஞ்ச நாளைக்கு இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது. நமக்கெல்லாம் அது ஓய்வு. அவருக்கு அது பதவி உயர்வு. வீட்டிலுள்ள எல்லா மின்வேலையையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி மேற்பார்வை பார்க்கத் தொடங்கினார். என் வீட்டுக்காரர் ஸ்டூல் மேல், மாமனார் கீழே, இப்படியே விடுமுறைகள் போயின. மாமனாரின் முகத்தில் மறுபடி ரத்த ஓட்டம் தெரிந்தது, மூச்சு வாங்கவில்லை, அதட்டல் மட்டும் இரண்டு மடங்கு.

ஒருநாள் காலையில் அப்படி ஒரு பல்பு மாற்றும் படலம் நடந்துகொண்டிருந்தது. "இடப்பக்கம் திருப்பு. அது உன் இடப்பக்கம், நான் சொன்னது பல்போட இடப்பக்கம்!" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். பாப்பா தன் அறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

"என்னம்மா?" என்றேன்.

"கணக்கு முடிஞ்சுடுச்சு அண்ணி."

அது ஓடிக்கொண்டிருந்ததையே நாங்கள் மறந்துவிட்டோம். அவளும்தான் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். அது பாட்டுக்கு உறுமி உறுமி அன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

"என்ன சொல்லுது?" என்றார் மாமனார்.

"பேஸ்மேக்கர் தட்டுதுப்பா. தசை அசையவே இல்ல. மறுபடி தட்டுது. ஒண்ணுமே நடக்கல. அலை கிளம்பவே மாட்டேங்குது."

"அப்படின்னா?"

"அப்படின்னா... கணக்குப்படி நீங்க இல்லப்பா."

ஸ்டூல் மேல் என் வீட்டுக்காரர் பல்பும் கையுமாக நின்றார். இந்த ஒரு சமயம்தான் யார் பேச்சுக்கும் அவர் ஆமாம் போடாமல் இருந்து நான் பார்த்தது. அவர் மேசையில் சாய்ந்த அந்த மத்தியானத்துக்குள் இது முடிந்திருந்தால் பேஸ்மேக்கர் வைத்திருப்போமா என்று நான் நினைத்துப் பார்த்தேன். பாப்பாவும் அதையேதான் நினைத்திருப்பாள், சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் வலது கையைச் சட்டைக்குள் விட்டு, தோளுக்குக் கீழே அந்தச் சின்ன மேட்டின் மேல் வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் அந்தக் கையையே பார்த்தோம்.

"எங்க தப்பு?" என்றார்.

"தெரியலப்பா. எந்த எண்ணத் தப்பாப் போட்டேன்னே தெரியல. எல்லாத்தையும் முதல்லேருந்து பிரிச்சுப் பாக்கணும். ரொம்ப நாளாகும்."

"பாரு" என்றார் மாமனார். "நிதானமா, ஒவ்வொண்ணாப் பாரு. எனக்கொண்ணும் அவசரமில்ல."